கிட்னிப் பங்காளிகள்

ஏப்ரல் 19

அன்புள்ள பங்காளி அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வரியில் பாதிதான் உண்மை என்பதால் அதை விட்டுவிட்டு மேலே போகிறேன். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன். அதற்குள்தான் இப்போது என் மகள் சின்னவளின் கல்லூரி நடக்கிறது. அவள் படிப்பை முடித்துவிட்டு நீட்டினாலும் என்னால் பேச முடியாது. இந்த ஒரு அறையில் நான் முணுமுணுத்தால்கூட அவள் காதில் விழும். சில விஷயம் அவள் காதில் விழக்கூடாது. ஆஸ்பத்திரி ஆலோசகர் அம்மா போன வாரம் கூப்பிட்டு, "மனசுல இருக்கறத யார்கிட்டயாவது சொல்லுங்க, சொல்ல முடியலன்னா எழுதுங்க" என்றார். யாருக்கு எழுதுவது என்று யோசித்தேன். ஒரே ஆளின் கிட்னி இரண்டில் ஒன்று உங்களிடம் இருக்கிறது, இன்னொன்று என்னிடம். இதைவிட நெருங்கின சொந்தம் எனக்கு யார்?

அன்றைக்கு வார்டு சிஸ்டர் வாய்தவறிச் சொல்லியிருக்காவிட்டால் நமக்கு இது தெரிந்திருக்கவே தெரியாது. "ரெண்டு பேருக்கும் ஒரே ஆளோடதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டதும், அடுத்த கட்டிலிலிருந்து நீங்கள், "அப்போ நாம பங்காளிங்க. சொத்துப் பிரிச்சாச்சு, இனி சண்டைதான் பாக்கி" என்றதும், சொன்ன ஜோக்குக்கு நீங்களே சிரித்துத் தையல் இழுத்து அலறியதும் நினைவிருக்கிறதா? பெண்பிள்ளை எப்படிப் பங்காளி ஆவாள் என்று அண்ணிகூடக் கேட்டார்களே. பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வம்பளந்ததுதான் எனக்கு மருந்து என்று இப்போதுதான் புரிகிறது. பெஞ்சையும் மூடிவிட்டார்கள்.

பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் எல்லாம் நின்றுவிட்டது. முகக்கவசம் தைக்கிறேன். உங்கள் மாப்பிள்ளைக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, மட்டும் லீவு கிடையாது. ஊரே கதவடைத்தாலும் ரொட்டி கம்பெனி வேன் ஓடித்தானே ஆக வேண்டும். நாலு கடை ஏறி இறங்குகிறவர் வீட்டுக்குள் வந்தால் எனக்கு ஒட்டிவிடும் என்று வேனிலேயே படுத்துக்கொள்கிறார். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு நான் உள்ளே வந்துவிட வேண்டும். பிறகுதான் அவர் வந்து எடுப்பார். நாய்க்கு வைப்பது போல இருக்கிறது அண்ணா. சொன்னால் சிரிக்கிறார்.

"எத்தனை நாளைக்குத்தான் வேன்ல படுப்பீங்க?"

"ரொட்டியே படுக்குது, எனக்கென்ன குறைச்சல்? நீ உன் பொருளை பத்திரமா பாத்துக்க."

பொருள் என்றால் கிட்னி. அவர் அதற்கு வைத்த பெயர்.

எனக்குக் கை நடுக்கம் அப்படியே இருக்கிறது. ஊசியில் நூல் கோர்க்க முடிவதில்லை. காலையில் அவர்தான் கையைக் கழுவித் துடைத்து, வாசலில் உட்கார்ந்து, அன்றைக்கு வேண்டிய ஊசிகளில் நூல் கோர்த்துத் துணியில் குத்தி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். நான் உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணாடி அலமாரியில் வைத்த பொம்மை மாதிரி. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது பார்க்கவே கூசுகிறது.

பதில் எழுதுங்கள்.

உங்கள்,
தையல் தங்கச்சி


மே 6

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் படித்தது நாலைந்து நாள் கழித்து. கோபித்துக்கொள்ளாதே. எந்தத் தபால் வந்தாலும் இடுக்கியால் எடுத்து, மொட்டைமாடிச் சுவர்மேல் வெயிலில் வைத்து, பறக்காமல் கல்லை வைத்து, கிருமி சாகட்டும் என்று விட்டுவிடுகிறேன். உன் கடிதம் காய்ந்து அப்பளமாகிக் கையில் வந்தது. உன் அண்ணி, "தங்கச்சி எழுதினதையுமா காயப்போடுவீங்க?" என்று கேட்டாள். கிருமிக்குச் சொந்தபந்தம் தெரியுமா என்றேன்.

பேத்தி பிறந்துவிட்டாள். கீழே இருக்கிறாள். நான் மாடி அறையில். அண்ணி தட்டைப் படியில் வைத்துவிட்டுக் கையைத் தட்டுவாள், அவள் இறங்கிய பிறகு நான் எடுத்துக்கொள்வேன். உன் வீட்டில் வெளியே சாப்பிடுகிறவர் மாப்பிள்ளை, என் வீட்டில் மேலே சாப்பிடுகிறவன் நான். அவ்வளவுதான் வித்தியாசம்.

நேற்று மகள் படிக்கட்டின் கீழே நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "அப்பா, மாஸ்க் போட்டுக்கிட்டு ஒரு தடவை வந்து வாங்கிக்கங்களேன். என்ன ஆயிடப் போவுது?" என்றாள். குழந்தை அப்போது தும்மியது. ஒரு தும்மல்தான். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பச்சைக் குழந்தையைப் பார்த்துப் பயந்து ஓடிய தாத்தா இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் மகள் அழுதாள். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து எரிகிறது, ஆனாலும் கழுவாமல் இருக்க முடியவில்லை.

வேலை எல்லாம் போனில்தான். போன வாரம் ஒரு அம்மாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். எங்கள் லிஃப்ட் கம்பெனியிலிருந்து எனக்கு இணைப்புக் கொடுத்தார்கள். வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். "கதவைப் பிடிச்சு இழுக்காதீங்கம்மா, உள்ள காத்து வரும், ஆள் வந்துக்கிட்டே இருக்கு." அந்த அம்மாள் அடங்கிவிட்டார். போனை வைத்ததும் எனக்குத்தான் மூச்சு முட்டியது. இத்தனை வருஷம் அடுத்தவர்களை மேலும் கீழும் அனுப்பியவனுக்கு ஒரு மாடிப்படி இறங்கத் தைரியம் இல்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன், மாப்பிள்ளையை நினைத்துக் கூச்சப்படாதே. அவர் மனசாரச் செய்கிறார். வாங்கிக்கொள்கிறவர்களுக்கும் ஒரு தெம்பு வேண்டும். இதை உனக்கு எழுதுகிறேனா, எனக்கே எழுதிக்கொள்கிறேனா என்று தெரியவில்லை.

மாத்திரையை நேரம் தவறாமல் போடு.

அன்புடன்,
லிஃப்ட்கார அண்ணன்


ஜூலை 11

அண்ணா,

அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு மூன்று நாளாகவே வேனுக்குள் இருமிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கேட்கக்கூடாது என்று ஜன்னலை ஏற்றிவிட்டு இருமியிருக்கிறார். தட்டு நேற்று வாசலில் அப்படியே இருந்தது. நான் கூப்பிட்டேன், பதில் இல்லை. சின்னவள் ஓடிப்போய் வேன் கதவைத் தட்டினாள். "கிட்ட வராதே, ஆம்புலன்சுக்குச் சொல்லு" என்று மட்டும் சொன்னாராம்.

வந்தவர்கள் தலையிலிருந்து கால்வரை மூடியிருந்தார்கள். அதில் ஒருவர் வாசலில் நின்று, "கூட யாரு வர்றீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "என்னால வர முடியாது, எனக்கு மாத்து கிட்னி" என்றேன்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை அண்ணா. "நீ வராதே" என்று அவரோ மகளோ சொல்லியிருந்தால், அழுது அடம்பிடித்துவிட்டு நின்றிருப்பேன். அவர்கள் சொல்லும் முன்னே நானே சொல்லிவிட்டேன். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். அவருக்கு அது ஒரு பதில், அவ்வளவுதான். அதைச் சொன்னது என் வாய்தானா என்று இன்னும் எனக்கு நம்ப முடியவில்லை.

அவர் ஸ்ட்ரெச்சரில் ஏறும்போது ஜன்னலைப் பார்த்தார். ஏதோ சொன்னார். கேட்கவில்லை. மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு மறுபடி சொன்னார். "ஊசி எல்லாம் டப்பால இருக்கு. ஒரு வாரத்துக்கு வரும்."

அண்ணா, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுத வந்தேன். எனக்காக வேண்டாம்.

தங்கச்சி


ஜூலை 27

அன்புத் தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை போய்விட்டார் என்று ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டர் மேடம் போனில் சொன்னார். நீ எழுதிய கடிதத்தை வெயிலில் இருந்து எடுத்துப் படித்த மறுநாளே இந்தச் செய்தி.

எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். மாப்பிள்ளையை நான் நேரில் பார்த்தது ஆஸ்பத்திரி வாசலில்தான். உனக்குப் பரிசோதனை முடியும் வரை வெளியே நிற்பார். எனக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வருவார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால், "உள்ள வந்தா எனக்கும் ஊசி போட்டுடுவாங்க" என்பார்.

நான் வர வேண்டும். வரவில்லை. இதைத் தவிர என்னிடம் எழுத ஒன்றுமில்லை. சின்னவளைப் பார்த்துக்கொள். சாப்பிடு. மாத்திரை போடு.

அண்ணன்


ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் ஆறுதலாக இருந்தது. பதில் எழுதத் தாமதமானதற்குத் தப்பாக நினைக்க வேண்டாம். வீடு ஓரளவு ஒழுங்குக்கு வந்துவிட்டது. சின்னவள் மறுபடி படிக்க உட்கார்ந்துவிட்டாள். ரொட்டி கம்பெனிக்காரர்கள் வந்து வேனை எடுத்துக்கொண்டு போனார்கள். புதிய டிரைவர் வேனைக் கழுவியபோது உள்ளே ஒரு தலையணை இருந்ததாம், வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அவர் கோர்த்து வைத்த ஊசிகள் தீர்ந்த பிறகு, இனி சின்னவளைத்தான் கெஞ்ச வேண்டும் என்று நினைத்தேன். போன வாரம் சும்மா முயன்று பார்த்தேன். முதல் தடவையிலேயே நூல் உள்ளே போய்விட்டது. கை நடுங்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த கை திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. முகமும் வடிந்துவிட்டது. கன்னம் உப்பி நிலா மாதிரி இருக்கிறதென்று நீங்கள் கேலி செய்வீர்களே, அது இப்போது இல்லை. கண்ணாடியில் பழைய முகம்.

மனசும் லேசாக இருக்கிறது. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இத்தனை நாளும் என் தலைக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. முகம் தெரியாத ஒருவர் செத்ததால்தான் நான் பிழைத்தேன். சரி, அவர் எனக்காகச் சாகவில்லை, விபத்து என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இப்போது இவர். இவர் எனக்காகவேதான். ஒருத்தி உட்கார்ந்து முகக்கவசம் தைக்க இரண்டு பேர் போக வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம்? அந்தக் கேள்வி இப்போது ஓடுவதில்லை. அதற்கு ஒரு முடிவு கிடைத்த மாதிரி அமைதியாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய அளவுதான். மெலிந்திருந்தால் தொளதொளவென்று இருக்கும், அண்ணியிடம் சொல்லிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேத்தியைத் தூக்கினீர்களா? தூக்குங்கள் அண்ணா. எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள்,
தையல் தங்கச்சி


ஆகஸ்ட் 27

தங்கச்சி,

உன் கடிதம் வந்து இன்றோடு ஐந்தாம் நாள். இன்று காலையில்தான் பிரித்தேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

முதல் தடவை படித்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது. "பரவாயில்லை, தேறிட்டா" என்று அண்ணிக்குக் குரல் கொடுத்தேன். பிறகு உனக்குப் பதில் எழுதப் பேனாவை எடுத்தேன். என் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. உனக்கும் எனக்கும் ஒரே மாத்திரை. உடம்பு கிட்னியைத் தள்ளிவிடாமல் இருக்க நாம் போடுகிற அந்த மாத்திரைதான் கையை நடுங்க வைக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "நடுங்குனா மருந்து வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படுங்க" என்றார். என் கை நடுங்குகிறது. உன் கை ஏன் நடுங்கவில்லை?

உன் நம்பருக்குப் போட்டேன். சின்னவள் எடுத்தாள். பாடத்தை நிறுத்திவிட்டு எடுத்தாள் போல, அவசரமாகப் பேசினாள்.

"அம்மா எங்கம்மா?"

"குளிக்கறாங்க மாமா."

"அம்மாவோட மாத்திரை டப்பா எங்க இருக்குன்னு தெரியுமா? திறந்து பாரு."

மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நிறைய இருக்கு மாமா" என்றாள். "நிறைய இருக்கே. இது இவ்வளவு இருக்கக்கூடாதே" என்றாள். அப்புறம் மாத்திரைகளைக் கொட்டும் சத்தம்தான் கேட்டது.

உடனே கோஆர்டினேட்டர் மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ எனக்கு எழுதியதை, எனக்கென்று மட்டும் எழுதியதை, வரிவரியாகப் படித்துக் காட்டினேன். ஆலோசகர் அம்மாவும் டாக்டரும் பேசிக்கொண்டார்கள். வண்டி அனுப்புகிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ வார்டில் இருப்பாய்.

கோபப்படு. திட்டு. ஆனால் மாத்திரையைப் போடு. அந்தக் கிட்னி உன் தனிச்சொத்து என்று நினைத்தாயா? மாப்பிள்ளை அதற்குத்தானே காவல் இருந்தார்?

இந்தக் கடைசி வரியை எழுதியிருக்கக்கூடாது. அடித்துவிட மனசு வரவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 9

அண்ணனுக்கு,

வார்டிலிருந்து எழுதுகிறேன். சின்னவள் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீங்கள் மேடத்திடம் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சொல்வது சரிதான். வார்டே பேசிக்கொள்ளட்டும், அதுவும் பரவாயில்லை. ஆனால் அந்த டப்பாவை என் மகள் கையால் திறக்க வைத்தீர்களே, அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா போய் ஒன்றரை மாசம்கூட ஆகவில்லை. நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து மாத்திரைகளை மடியில் கொட்டி வைத்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா இத்தனை மாசம் வேன்ல படுத்தது இதுக்குத்தானாம்மா?"

நான் சாக வேண்டும் என்று மாத்திரையை நிறுத்தவில்லை அண்ணா. யாரிடமும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் காலையில் மாத்திரையைக் கையில் எடுத்தேன். இதைப் போட்டுக்கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. அப்புறம் போடலாம் என்று வைத்தேன். மறுநாளும் அப்படியே. அவ்வளவுதான் நடந்தது. இதை ஆலோசகர் அம்மாவிடம் சொன்னேன். "இந்த மாதிரி நினைக்கிறது நீங்க மட்டும் இல்ல" என்றார் கடைசியில். தினமும் வருகிறார்.

இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். மாத்திரையையும் சிஸ்டர் முன்னால் நின்று விழுங்க வைக்கிறார். கிட்னி பிழைக்குமா என்று இன்னும் சொல்லவில்லை.

எனக்குக் கொஞ்ச நாள் எழுத வேண்டாம். உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே அவள் மடியில் கிடந்த மாத்திரைகள்தான் தெரிகிறது.

தங்கச்சி


அக்டோபர் 20

அன்புத் தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். நீ பதில் போட வேண்டியதில்லை. படிக்காமல் கிழித்தாலும் சரிதான்.

சின்னவளிடம் அப்படிச் சொன்னது தப்பு. அண்ணியை விட்டுப் பேசச் சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டில் யாரையாவது பிடித்திருக்கலாம். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. பயத்தில் இருக்கிறவன் கைக்கு எட்டியதைப் பிடிப்பான், உன் மகள் எட்டினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க முடியுமா என்றுகூடத் தெரியவில்லை. கேட்டால் மறுபடி அதே நாளை அவள் முன்னால் கொண்டுபோய் வைக்கிற மாதிரி ஆகும்.

இன்னொன்று. மாப்பிள்ளை போன செய்தியை மேடம் சொன்னபோது என் மனசில் முதலில் வந்தது துக்கம் இல்லை. நல்லவேளை, நம்ம வீட்டில் இல்லை என்பதுதான் வந்தது. ஒரு நொடிதான். ஆனால் அதுதான் முதலில் வந்தது. அதனால்தான் நாலு தாள் கிழிந்தது. நீ உன் வாசலில் சொன்ன வார்த்தையை நினைத்து உருகுகிறாயே, அதே வார்த்தையைத்தான் நான் இந்த அறைக்குள் வாய் திறக்காமல் ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஒரு தடவை. எனக்குத் தினமும்.

உன் கடிதம் என் சுவர்மேல் கல்லுக்கடியில் கிடந்தபோது நான் பக்கத்தில் நாற்காலி போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டினால் எட்டும். உறையின் மேல் உன் கையெழுத்து தெரிந்தது. எழுத்து வழக்கத்தைவிட நேராக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். நினைத்துவிட்டு, கிருமி சாகட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த நாட்களில் உனக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆலோசகர் அம்மா எனக்கும் போன் செய்கிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறார், அது சரிதான். என்னைப் பற்றித்தான் பேசுகிறோம். கை கழுவுவதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். படியில் பாதி வரை இறங்கி உட்கார்கிறேன். குழந்தை கீழே பாயில் கிடந்து என்னைப் பார்க்கும். என்னை ஏதோ மேலே மாட்டி வைத்த படம் என்று நினைத்திருக்கும். இன்னும் தூக்கவில்லை.

சட்டை வந்து சேர்ந்தது. வார்டுக்குப் போகும் முன்பே அனுப்பியிருக்கிறாய் போல. ஒரு கைதான் முழுசாகத் தைத்திருந்தது. இன்னொரு கை குத்தூசியோடு நிற்கிறது. அப்படியே மடித்து வைத்திருக்கிறேன்.

உன்,
லிஃப்ட்கார அண்ணன்


டிசம்பர் 7

அன்புள்ள பங்காளி அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை வந்த அன்றே படித்தேன். பதில் எழுதத்தான் இவ்வளவு நாள் ஆனது. கோபம் தீராததால் என்று நினைத்திருப்பீர்கள். பாதி அதுதான். மீதி வெட்கம்.

வீட்டுக்கு வந்து நாளாகிவிட்டது. கிட்னி முழுசாகப் போகவில்லை. மூன்றில் ஒரு பங்கு வேலை செய்கிறது என்கிறார்கள். கால் வீங்குகிறது, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இப்படியே கொஞ்ச வருஷம் ஓடலாம், இல்லாவிட்டால் சீக்கிரமே பழையபடி டயாலிசிஸ் மெஷினுக்குப் போக வேண்டியிருக்கும். முகம் தெரியாத அந்த ஆள் கொடுத்ததில் என் பங்கை நான் இப்படி ஆக்கிவைத்திருக்கிறேன். அவர் வீட்டில் யாராவது வந்து, "எங்க ஆளோடதை என்ன பண்ணினே?" என்று கேட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? யாரும் வர மாட்டார்கள். வந்து கேட்டால்கூடத் தேவலை என்றிருக்கிறது.

உங்கள் சுவர்மேல் என் கடிதம் கிடந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். "நாலஞ்சு நாள் முன்னாடி வந்திருந்தா நல்லா ஆகியிருக்குமா டாக்டர்?" என்று நானே கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாக உங்களுக்கு எழுதிவிடலாமா என்று நினைத்தேன். உங்களுக்குத் தூக்கம் வரும். ஆனால் உங்களிடம் பொய் எழுதினால் எனக்கு எழுத வேறு ஆள் இல்லை. உங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குள் படுத்திருந்தால் சீக்கிரம் தெரிந்து பிழைத்திருப்பாரா என்றும் கேட்டேன். அதற்கும் அதே பதில்தான். சொல்ல முடியாது. உங்களுக்கு ஒன்று, எனக்கு இரண்டு. இதோடுதான் இருக்க வேண்டும் போல.

நான் மாத்திரை போடுகிறேன். சின்னவள் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. காலையில் அவள் முன்னால் தண்ணீர் டம்ளரை எடுக்கிறேன், அதைத்தான் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டும். போன வாரம் அவளாகவே, "மாமா எப்படியிருக்காராம்?" என்று கேட்டாள். அவளுக்கு உங்கள்மேல் கோபமில்லை. "அவரு போன் பண்ணலேன்னா நான் டப்பாவ திறந்திருக்கவே மாட்டேன்" என்றாள். அவள் பெருந்தன்மை எனக்கு வரவில்லை அண்ணா. எனக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது. இருக்கட்டும், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இப்போது ஒரு உதவி கேட்கிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எனக்குப் பரிசோதனை. டயாலிசிசுக்காகக் கையில் ஆபரேஷன் செய்து நரம்பைத் தயார் செய்ய வேண்டுமா, இன்னும் காத்திருக்கலாமா என்று அன்றைக்குச் சொல்வார்கள். இந்த மாதிரி நாட்களில் அவர்தான் வெளியே நிற்பார். சின்னவள் வருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்றுவிட்டேன். இந்த வருஷத்துக்கு அவள் கேட்டது போதும்.

நீங்கள் வருவீர்களா?

உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். பாதிப் படியோடு நிற்கிறவரை பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறேன். வராவிட்டால் தப்பாக நினைக்க மாட்டேன் என்று எழுத மாட்டேன். தப்பாகத்தான் நினைப்பேன், பிறகு சரியாகிவிடும். கூட்டம் குறையட்டும் என்று எனக்குப் பதினோரு மணிக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெஞ்சில் ஒரு இடம் விட்டு ஒரு இடத்தில் உட்காரக்கூடாது என்று காகிதம் ஒட்டியிருக்கிறார்களாம், அதன்படி தள்ளி உட்காரலாம். பேசக்கூட வேண்டாம். உள்ளே கூப்பிடும்போது என் பையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

வரும் வழியில் எங்கேயும் வாங்கிச் சாப்பிட வேண்டாம், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நெடுநேரம் உட்கார வைப்பார்கள்.

உங்கள்,
தங்கச்சி